வரைபடத்தின் ஓரத்தில் எழுதிய வரி

பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு குடிநீர் அலுவலகத்தில் படம் வரையும் வேலையில் இருந்தேன். என் நியமன ஆணையில் 'டிராப்ட்ஸ்மேன்' என்றுதான் போட்டிருந்தது. குழாய் போகும் பாதை, தொட்டியின் குறுக்குவெட்டு, வால்வு இருக்கும் இடம் எல்லாவற்றையும் டிரேசிங் தாளில் கறுப்பு மையால் வரைந்து கொடுப்பது என் வேலை. என் வீட்டில் அதுவரை யாரும் மேசைமுன் உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

மேல்நிலைத் தொட்டி நின்ற வளாகத்துக்குள்ளேயே எங்கள் அலுவலகம் இருந்தது. பெண்கள் மூன்று பேர். நான், டைப்பிஸ்ட், வளாகம் பெருக்கும் அக்கா. ஆண்களுக்குப் பம்ப் அறைக்குப் பின்னால் ஒரு கழிப்பறை உண்டு. எங்களுக்கு இல்லை. டைப்பிஸ்ட் அரியலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது இளையவள். அவள் வாடகைக்கு இருந்த வீடு பத்து நிமிட நடையில் இருந்தது. மதிய இடைவேளையில் இருவரும் அங்கே ஓடிப் போய்விட்டு வருவோம். பெருக்கும் அக்கா சுற்றுச்சுவருக்கு வெளியே கருவேல மரங்களுக்குள் போய்வருவார். காலையில் ஒரு டம்ளர் டீ குடித்தால் அதற்குப் பிறகு மதியம் வரை நான் தண்ணீரைத் தொடமாட்டேன்.

மூன்றாம் வருடக் கோடையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றில் பிடுங்கி எடுக்கிற வலி. அரசு ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் சோதித்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறே?" என்று கேட்டார். சொன்னேன். "எங்கே வேலை பார்க்கிறே?" என்றார். அதையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊருக்கே தண்ணி குடுக்கிற ஆபீஸ்ல உக்காந்துகிட்டு நீ தண்ணி குடிக்கிறதில்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்து மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது சிரிப்பு போய்விட்டது. இதை இப்படியே விடக் கூடாது என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக நினைத்தேன். ஆனால் யாரிடம், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அதற்கு வழி திருச்சியிலிருந்து வந்தது. குடிநீரும் சுற்றுச்சூழலும் பற்றி அங்கே ஒரு மாநாடு நடக்கப் போகிறதாம். பல மாநிலங்களிலிருந்தும் சில வெளிநாடுகளிலிருந்தும் பொறியாளர்கள் வருகிறார்களாம். மாநாட்டின் கடைசி நாள் அவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி எங்கள் பக்கத்துக் குடிநீர் அமைப்புகளைச் சுற்றிக் காட்ட வேண்டும். பாடாலூரில் புதுக் கைபம்பு. பெரம்பலூரில் எங்கள் தொட்டியும் பம்ப் அறையும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட ஒரு பள்ளம், அதில் தேங்கிய மழைநீரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே டி.பி. என்கிற பயணியர் விடுதியில் சாப்பாடு. பிறகு கொள்ளிடக் கரையில் இருந்த நீரேற்று நிலையம். பாதையையும் நேரத்தையும் குறித்து வரைபடம் தயார் செய்யும் பொறுப்பை எங்கள் ஏ.இ., அதாவது அலுவலகத்தின் பொறுப்பிலிருந்த உதவிப் பொறியாளர், என்னிடம் கொடுத்தார். ரஞ்சன்குடிக் கோட்டையையும் சேர்க்கச் சொன்னார். வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டை பிடிக்கும் என்றார். சேர்த்தால் பொழுது சாய்வதற்குள் கொள்ளிடம் போய்ச் சேர முடியாது என்று மணிக்கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு விட்டுவிட்டார்.

வருகிறவர்களின் பட்டியலும் கூடவே வந்தது. அதில் ஐந்து பெண்களின் பெயர்கள் இருந்தன. பாதையை வரைந்து ஒவ்வோர் இடத்துக்கும் நேரம் எழுதிக்கொண்டே வந்தபோது என் கை நின்றுவிட்டது. காலை ஏழு மணிக்குத் திருச்சியில் பஸ் புறப்படுகிறது. அரியலூர் விடுதிக்கு வந்து சேர ஒன்றரை ஆகும். இடையில் எங்கேயும் எதுவும் இல்லை.

ஏ.இ. அறைக்குப் போனேன். அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கெட்டிக்காரர், கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை.

"சார், வர்றவங்கள்ல அஞ்சு பேர் லேடீஸ்."

"ஆமா. அதுக்குத்தான் உன்னையும் பஸ்ல போகச் சொல்லியிருக்கேன். கூட இருந்து பாத்துக்க."

"அவங்க எங்க சார் போவாங்க?"

"எங்க போவாங்கன்னா? பஸ் போற எடத்துக்குத்தான்."

அந்தச் சொல்லை ஓர் ஆண் அதிகாரியிடம் அதுவரை நான் சொன்னதில்லை. காது சூடாகிவிட்டது. "பாத்ரூம் சார்" என்றேன்.

அவர் பேனாவை மூடித் திறந்தார். "மத்தியானம் டி.பி.யில இருக்கே."

"ஏழு மணிலேர்ந்து ஒண்ணரை மணி வரைக்கும் சார்."

"அதுக்கென்ன பண்றது? நம்ம ஊரு பொம்பளைங்க இருக்கலியா?"

"இருக்கோம் சார். அதைத்தான் சொல்றேன்."

அவர் அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்தார். போகலாம் என்று அதற்குப் பொருள்.

மேசைக்குத் திரும்பி வரைபடத்தை முடித்தேன். குறியீடுகளின் விளக்கம் எழுதுகிற வலது ஓரத்தில் கைபம்புக்கு ஒரு குறி, தொட்டிக்கு ஒரு குறி, பம்ப் அறைக்கு ஒரு குறி போட்டேன். அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில், அதே மையில் ஒரு வரி எழுதினேன்: 'காலை ஏழு முதல் பிற்பகல் ஒன்றரை வரை இப்பாதையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை.' மை காயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஏ.இ. பாதையை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். படம் திருச்சிக்குப் போயிற்று.

நான்காம் நாள் ஏ.இ.யையும் என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள். திருச்சியில் செயற்பொறியாளர் அறையில் மேசைமேல் என் படம் விரிந்து கிடந்தது. அவர் எங்கள் ஏ.இ.க்கும் மேலதிகாரி. குரலை உயர்த்தாமல் பேசுவார், அதுதான் பயமாக இருக்கும்.

"இது யாரு எழுதினது?"

ஏ.இ. அப்போதுதான் அந்த வரியைப் படித்தார். அவர் முகம் கறுத்தது.

"நான்தான் சார்" என்றேன்.

"இந்த மேப் அச்சாகி எல்லா டெலிகேட் கையிலயும் போகப் போவுது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"இந்த வரியை அழிச்சிட்டுக் குடுங்க."

டிரேசிங் தாளில் மையை அழிப்பது பெரிய காரியமில்லை. பாதி பிளேடால் மெல்லச் சுரண்டினால் போய்விடும். பை நிறைய பிளேடு வைத்திருந்தேன்.

"கட்டினதும் அழிச்சிடுறேன் சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. பக்கத்தில் ஏ.இ. மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. வேலை போனால் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று ஒரு கணம் ஓடியது. ஆனால் பின்வாங்கத் தோன்றவில்லை. பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். எங்கள் வளாகத்தில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு கழிப்பறைக்கான படம். முந்தின மூன்று நாளும் மாலையில் வீட்டில் உட்கார்ந்து வரைந்தது. அளவு, கதவு, காற்றுப்போக்கி, தண்ணீர்க் குழாய் எங்கிருந்து எடுப்பது, கழிவுத்தொட்டி எங்கே தோண்டுவது எல்லாம் அதில் இருந்தது.

செயற்பொறியாளர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கேட்கவில்லை, ஏ.இ.யைக் கேட்டார். "உங்க ஆபீஸ்ல லேடீஸ் ஸ்டாப் எத்தனை பேர்?"

"மூணு பேர் சார்."

"இவ்வளவு நாளா?"

ஏ.இ. அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். "மாநாட்டுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. முடிச்சிடுவீங்களா?" என்று செயற்பொறியாளர் கேட்க, "முடிச்சிடுறோம் சார்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் முன் இருக்கையிலும் நான் பின்னாலும் உட்கார்ந்து வந்தோம்.

கட்டட வேலை தொடங்கியது. நான் குறித்த இடத்தில் வேண்டாம், சுற்றுச்சுவர் மூலையில் குளோரின் சிலிண்டர் கொட்டகைக்குப் பின்னால் போடுங்கள் என்று ஏ.இ. மேஸ்திரியிடம் சொல்லியிருந்தார். கொட்டகையிலிருந்து வாயு கசிந்தால் உள்ளே இருக்கிற ஆள் ஓடி வர முடியாது, விதியிலும் அது கூடாது என்று ஏ.இ.க்குக் குறிப்பு எழுதி அனுப்பினேன். இடம் பழையபடி மாறியது. கதவுக்கு வெளியே மட்டும் தாழ்ப்பாள் வைத்தார்கள். உள்ளேயும் வைக்கச் சொல்லி மேஸ்திரியோடு நின்றேன். சிமெண்ட் சட்டி சுமந்த சித்தாள் பெண் ஒருநாள், "இது யாருக்குக்கா?" என்றாள்.

"வெளிநாட்டுக்காரங்க வர்றாங்கல்ல, அவங்களுக்கு" என்றார் மேஸ்திரி.

"உனக்கும்தான்" என்றேன் நான். அவள் நம்பவில்லை என்பது சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது.

கடைசியில் பெயின்டர் கதவின் மேல் 'விருந்தினர் மட்டும்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலை சீக்கிரமே வந்து அதன்மேல் வெள்ளையடித்து, காய்ந்த பிறகு நானே பிரஷ்ஷை எடுத்து 'பெண்கள்' என்று எழுதினேன். எழுத்து எழுதுவது என் தொழில். யாரும் குறை சொல்ல முடியாதபடி எழுதினேன். பிறகு திருச்சிக்குப் போய், சொன்னபடி அந்த வரியைச் சுரண்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சுற்றுப்பயண நாளன்று விடியற்காலையில் கிளம்பித் திருச்சியிலேயே பஸ் ஏறினேன். பாடாலூரில் கைபம்பைச் சுற்றி ஊரே நின்றிருந்தது. வந்தவர்கள் ஆளுக்கு நாலு தடவை அடித்துப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ஆண்கள் இரண்டிரண்டு குடித்தார்கள். ஐந்து பெண்களும் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, முகம் கோணாமல் சிரித்துக்கொண்டே காயைக் கீழே வைத்துவிட்டார்கள். வேறு வேறு ஊர், வேறு வேறு மொழி. ஆனால் அவர்கள் மனசுக்குள் போட்ட கணக்கு எனக்குத் தெரிந்த கணக்கு.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவர்களிடம் போய்ச் சொன்னேன். "அடுத்தது எங்க ஆபீஸ் மேடம். அங்கே வசதி இருக்கு. நல்லாக் குடிங்க."

நரைத்த தலையும் நல்ல உயரமுமாக ஒரு வெளிநாட்டு அம்மாள் இருந்தார். நீரேற்று நிலையங்களில் முப்பது வருடம் வேலை பார்த்தவராம். "நிச்சயமாகவா?" என்று கேட்டார். நிச்சயம் என்றேன். ஐவரும் காயைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

பெரம்பலூர் வளாகத்தில் பஸ் நின்றதும் ஏ.இ. மாலையோடு வரவேற்றார். தொட்டி எத்தனை அடி உயரம், எத்தனை பேருக்குத் தண்ணீர் என்று விளக்கத் தொடங்கினார். பெண்களை நான் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே பெருக்கும் அக்கா வெறும் வாளியோடு ஓடி வந்தார்.

"பாப்பா, தண்ணி வரல. கொழாயத் தொறந்தா காத்துதான் வருது."

எனக்கு உடனே புரிந்தது. தொட்டி நிரம்பி வழிவதை விருந்தினருக்குக் காட்ட வேண்டும் என்று காலையிலிருந்தே வெளியே போகிற வால்வுகளை எல்லாம் மூடி வைத்திருந்தார்கள். வளாகத்துக்குள் வரும் சின்ன வால்வையும் சேர்த்து மூடிவிட்டார்கள். தலைக்கு மேலே தண்ணீர் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கீழே ஒரு சொட்டு இல்லை.

அந்த வால்வு எங்கே என்று எனக்குத் தெரியும். அதைப் படத்தில் குறித்தவளே நான்தான். பம்ப் அறையில் சாத்தியிருந்த வால்வு சாவியை எடுத்துக்கொண்டு போனேன். அது இடுப்பளவு உயரமுள்ள இரும்புத் தடி. குழாய் ஃபிட்டர் ஓடி வந்தார்.

"ஏம்மா, அதத் தொடாதம்மா. ஏ.இ. திட்டுவாரு."

"திட்டட்டும்ங்க."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குழிக்குள் சாவியை இறக்கித் திருப்பினேன். அசையவில்லை. பெருக்கும் அக்கா மறுபக்கம் வந்து பிடித்தார். இருவரும் சேர்ந்து உன்னியதும் வால்வு முனகிக்கொண்டு திறந்தது. குழாயில் காற்று சீறிவிட்டுத் தண்ணீர் வந்தது. மேலே தொட்டி வழிவது கொஞ்சமும் குறையவில்லை. ஐந்து பேரும் வரிசையாகப் போய் வந்தார்கள். டைப்பிஸ்ட் வாசலில் சோப்பும் துண்டுமாக நின்றாள்.

நரைத்த தலை அம்மாள் நேராக ஏ.இ.யிடம் போனார். இவ்வளவு தூரத்தில் இந்த ஓர் இடத்தில்தான் பெண்களைப் பற்றி யோசித்திருக்கிறார்கள், யாருடைய யோசனை என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஏ.இ. மார்பை நிமிர்த்திக்கொண்டு, "எங்கள் அலுவலகத்தில் இது எப்போதும் உண்டு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அரியலூர்ப் பள்ளத்தில் தண்ணீர் பச்சையும் நீலமுமாகத் தெளிந்து நின்றது. அதன் கரையில் நடக்கும்போது அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து, "உண்மையில் எப்போதும் உண்டா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போன வாரத்திலிருந்து" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தான் வேலைக்குச் சேர்ந்த முதல் நீரேற்று நிலையத்திலும் ஏழு வருடம் ஒன்றும் இல்லை என்றார். அவ்வளவுதான் பேசினோம். கொள்ளிடம் பார்த்துவிட்டுத் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் அலுவலகம் வந்தபோது கழிப்பறைக் கதவில் ஒரு பெரிய பூட்டுத் தொங்கியது. ஏ.இ.யிடம் போய்க் கேட்டேன்.

"இன்னும் பெரிய பெரிய ஆளெல்லாம் பாக்க வருவாங்கம்மா. அதுவரைக்கும் புதுசா இருக்கட்டும். தொறந்து விட்டா நாறிப் போயிடும்."

"எப்பவும் உண்டுன்னு நேத்து நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அது வந்தவங்களுக்குச் சொன்னது. போய் வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன். பதினொரு மணிக்கு ஒரு வெள்ளைத்தாளில் அரை மணி நேரம் வெளியே செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதினேன். காரணம்: அலுவலகத்திலுள்ள பெண்கள் கழிப்பறை பூட்டப்பட்டிருப்பதால். மூன்று மணிக்கு இன்னொன்று. ஏ.இ. கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டால் அது கோப்பில் சேரும். தணிக்கைக்கு வருகிறவர்கள் படிப்பார்கள்.

"சொந்தக் காரணம்னு எழுதிட்டு வா" என்றார்.

"இது சொந்தக் காரணம் இல்லை சார். எல்லாருக்கும் இருக்கிற காரணம்தான்."

இரண்டாம் நாளும் இரண்டு விண்ணப்பம். மூன்றாம் நாள் டைப்பிஸ்ட் தானும் கொடுத்தாள். அவளுடையது அழகாக டைப் அடித்து, நகலோடு இருந்தது. பெருக்கும் அக்காவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்ல நான் எழுதினேன், அவர் கைநாட்டு வைத்தார். நாளுக்கு ஆறு விண்ணப்பம். மேசையில் குவிந்தது. ஏ.இ. கத்தினார். டைப்பிஸ்ட் அழுதாள், ஆனால் மறுநாளும் அடித்துக் கொடுத்தாள். ஒன்பதாம் நாள் ஏ.இ. சாவியை என் மேசைமேல் போட்டுவிட்டுப் போனார். வாசல்வரை போய்த் திரும்பி, "யாரு கழுவுறது அத?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி அவருடையது மட்டும் இல்லை. பெருக்கும் அக்கா தானே கழுவிவிடுவதாகச் சொன்னார், அப்படித்தான் ஆகும் என்று அவருக்குத் தெரியும். "மூணு பேரும் போறோம், மூணு பேரும் மொறை வெச்சுக் கழுவுவோம்" என்றேன். டைப்பிஸ்ட் முகம் சுண்டிப் போயிற்று.

"அக்கா, எங்க வூட்டுல தெரிஞ்சா என்னைய வேலைக்கே விடமாட்டாங்க."

"சொல்லாத."

முதல் வாரம் நான் கழுவினேன். இரண்டாம் வாரம் பெருக்கும் அக்கா. மூன்றாம் வாரம் திங்கட்கிழமை காலை நான் வந்தபோது டைப்பிஸ்ட் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, மூக்கைக் கர்ச்சீப்பால் கட்டிக்கொண்டு, துடைப்பமும் பினாயிலுமாக உள்ளே நின்றாள். என்னைப் பார்க்காமலேயே, "இந்த மூலையில அழுக்கு போவவே மாட்டேங்குதுக்கா" என்றாள். கூட நின்று தேய்த்தேன்.

அதன் பிறகு பூட்டுப் போடவில்லை. பம்ப் ஆபரேட்டரின் மனைவி வந்தாள். பக்கத்துச் சாலை வேலைக்கு வந்த சித்தாள்கள் வந்தார்கள். அதற்கும் ஏ.இ. முதலில் முணுமுணுத்தார், பிறகு விட்டுவிட்டார். நான் மேசைமேல் ஒரு கூஜா வைத்துக்கொண்டேன். மதியத்துக்குள் அது காலியாகும்.

அடுத்த வருடம் ஏ.இ.க்கு மாற்றல் வந்தது. கேசரி, காரச்சேவு, டீயோடு சின்னதாக வழியனுப்பு நடந்தது. எல்லோரும் கலைந்த பிறகு நான் படங்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"நீ செஞ்சது சரிதாம்மா. ஆனா மேல எழுதுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டேன் சார்."

அவர் கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார்.

"ஆமா" என்றார். "கேட்ட."

வெளியே ஜீப் காத்திருந்தது. போய் ஏறிக்கொண்டார்.